அயனம்பாக்கத்தில் மழை, உதகையில் உறைபனி: நாற்றைக் காக்கும் இரண்டு ஊர்கள்

வானகரத்திலிருந்து அம்பத்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது அயனம்பாக்கம். பெரிய மருத்துவமனை, பள்ளிக்கூடங்கள், அடுக்குமாடி வீடுகள் என்று ஊர் மாறிவிட்டது. ஆனால் ஏரி இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் கரையில் நின்றால், தண்ணீருக்கு மேல் வெள்ளைத் துணி விரித்ததுபோலப் பனி மூட்டம் தெரியும். மாடிகளில் வைத்த தொட்டிச் செடிகளின் இலைகளில் முத்து முத்தாக ஈரம் நிற்கும்.

இந்தப் பனியைப் பார்த்துத்தான் மாடித்தோட்டம் போடுபவர்களுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. 'பனியிலிருந்து நாற்றை எப்படிக் காப்பாற்றுவது?' கைபேசியில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்கள் இந்தக் கவலையை இன்னும் கூட்டுகின்றன. 'கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் வீட்டுக்குள் விதை போடுங்கள்' என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பாடம். இறக்குமதி விதைப் பாக்கெட்டுகளின் முதுகிலும் அதே வரி இருக்கும்.

அயனம்பாக்கத்தில் உறைபனி கிடையாது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். தண்ணீர் உறைய 0 டிகிரிக்குப் போக வேண்டும். இங்கே இலையில் நிற்பது வெறும் பனித்துளி. நம் மொழியில் இரண்டுக்கும் 'பனி' என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சொன்னது குளிரின் உறைப்பைத்தான். சமவெளியில் அந்தப் பனி நாற்றைக் கொல்வதில்லை.

அப்படியானால் அந்த 'ஆறு வாரம் முன்னால்' கணக்கு நமக்கு வேண்டாததா? இல்லை. கணக்கு நல்ல கணக்கு. எதிரியின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதைப் புரிந்துகொள்ள, உறைபனி உண்மையாகவே விழும் தமிழ்நாட்டு ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

காரட் வந்த வழி

அயனம்பாக்கத்திலிருந்து கோயம்பேடு சந்தை பத்து கிலோமீட்டருக்குள். மலைக்காய்கறி ஏற்றிவரும் லாரிகள் விடிவதற்கு முன்பே அங்கே வந்து நிற்கின்றன. காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று நீலகிரியில் விளைவதில் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கி, அங்கிருந்து ஊர் ஊராகப் பிரிகிறது. தை மாதத்தில் தெருக்கடையில், 'என்னம்மா, காரட் இப்படி விலை ஏறிப்போச்சு?' என்று கேட்டால், 'ஊட்டியில பனிங்க' என்று பதில் வரும். வாங்குபவருக்கு அது ஒரு வார்த்தை. விளைவிப்பவருக்கு அது ஒரு பருவத்துக் கடன்.

லாரி வந்த வழியே திரும்பிப் போனால் சுமார் 550 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் தாண்டியதும் பாக்குத்தோப்புகள் பின்னால் போய், மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி, சென்னையில் 20 டிகிரியாக இருக்கும் தை மாத இரவு, உதகையில் 5, 6 டிகிரி. அதற்கும் கீழே 0 வரை தள்ளிவிடுவது மேகமில்லாத வானமும் காற்றில்லாத இரவும்.

பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் வானத்தை நோக்கி வெளியேறுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை. மேகம் இல்லாவிட்டால் வெப்பம் தடையின்றிப் போய்விடும். காற்றும் அசையாவிட்டால், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கித் தண்ணீர்போல வழிந்து, அங்கே தேங்குகிறது. அதனால்தான் உதகையில் எல்லா இடத்திலும் ஒரேபோல் உறைபனி விழுவதில்லை. காந்தள், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம், காமராஜ் சாகர் அணைப்பகுதி, அவலாஞ்சி போன்ற தாழ்வான இடங்கள் முதலில் வெளுக்கின்றன. அதே இரவில் சரிவின் மேலே இருக்கும் தோட்டம் தப்பித்துவிடும்.

வெள்ளையாக விழுந்து கறுப்பாக எழும்

ஐப்பசி, கார்த்திகையில் முதலில் நீர்ப்பனி. பிறகு உறைபனி தொடங்கி மாசி வரை நீடிக்கும். காலையில் புல்வெளியெங்கும் உப்பைத் தூவியதுபோல வெள்ளை. சுற்றுலா வந்தவர்கள் அதைக் கையில் அள்ளிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெயில் ஏறும் நேரத்துக்காகக் காத்து நிற்கிறார். இலைக்குள் இருந்த நீர் உறைந்து திசுவைக் கிழித்திருந்தால், காலையில் பச்சையாகத் தெரிந்த இலை மதியத்துக்குள் வெந்ததுபோல் தொங்கிக் கறுத்துவிடும்.

உருளைக்கிழங்கு, பீன்ஸ் இலைகள் ஒரே இரவில் கருகும். தேயிலைக் கொழுந்தும் அப்படித்தான். காரட், முட்டைக்கோஸ் ஓரளவு தாங்கும். ஆனால் கோஸ், காலிஃபிளவர் பயிர்களின் பழக்கப்படாத இளநாற்று தாங்காது.

இதற்கு மலை விவசாயிகள் கையாளும் வழிகள் எளிமையானவை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் காரணம் இருக்கிறது.

முதல் வழி, மூடுவது. சிறு தேயிலைத் தோட்டங்களில் தாகை என்னும் பெரணியை வெட்டிவந்து செடியின் தலையில் போர்த்துகிறார்கள். 1848-ல் உருவான உதகை அரசு தாவரவியல் பூங்காவிலும், மே மாத மலர்க் கண்காட்சிக்காக நட்ட இளஞ்செடிகளை மிலார் செடிக் கிளைகளால் மூடிவைப்பது வழக்கம். மூடியின் வேலை செடிக்குச் சூடு ஏற்றுவதல்ல. மண்ணிலிருந்து எழும் வெப்பம் வானத்துக்குப் போகாமல் பிடித்துவைப்பதுதான். அதனால் மாலையில், மண்ணில் சூடு இருக்கும்போதே மூட வேண்டும். குளிர்ந்த பிறகு மூடினால் பலன் குறைவு. பிளாஸ்டிக் தாளாக இருந்தால் இலையைத் தொடாமல் வளைவு வைத்துப் போட வேண்டும். தொட்ட இடத்தில் கருகும். காலையில் திறந்துவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் வரும்.

இரண்டாவது வழி, தண்ணீர். ஈரமான மண் காய்ந்த மண்ணைவிடப் பகல் வெப்பத்தை அதிகம் சேமிக்கும். அதனால் உறைபனி எதிர்பார்க்கும் நாளில் பகலிலேயே பாசனம் செய்வது நல்லது. விடியற்காலையில் தெளிப்பு நீர்க்கருவியைத் திறந்துவிட்டு, இலைமேல் படிந்த பனியை வெயில் படும் முன் கழுவிவிடுவதும் உண்டு. பெரிய அளவில் செய்பவர்கள் இரவிலேயே தெளிப்பைத் தொடங்குவார்கள். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம்தான் இலையைக் காக்கிறது. தொடங்கினால் பனி உருகும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி, முன்பைவிட அதிகம் குளிர்ந்துவிடும்.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை: நாற்றங்காலைப் பள்ளத்தில் போடாமல் இருப்பது. குளிர்காற்று வழிந்தோடச் சரிவில் இடம் விட்டு, மேட்டில் பாத்தி போட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

உறைபனியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

உதகையைவிடக் கடுமையான குளிரில் கத்தரி வளர்க்கும் தமிழர்களும் இருக்கிறார்கள். கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்கார்பரோ பகுதியில் ஈழத்தமிழர்கள் ஏராளம். வீட்டின் பின்வளவில் கத்தரி, மிளகாய், பாகல் போடுவது பலருக்குப் பழக்கம். அங்கே நிலம் மாதக்கணக்கில் பனியில் கிடக்கும். விக்டோரியா தினம் என்று மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை ஒரு விடுமுறை வருகிறது. அதற்குப் பிறகுதான் தக்காளி, கத்தரியை வெளியே நடலாம் என்பது அந்தப் பகுதித் தோட்டக்காரர்களின் பொதுவான கணக்கு. அக்டோபரில் மறுபடி குளிர் வந்துவிடும்.

நிலம் தயாராகும் வரை காத்திருந்து விதை போட்டால், காய்க்கும் முன்பே குளிர் வந்து செடியை முடித்துவிடும். அதனால் மார்ச் மாதத்திலேயே ஜன்னலோரத்தில், விளக்கு வெளிச்சத்தில் விதை முளைக்கிறது. நடவுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்து, முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று கன்றுகளை வெளியே வைத்துப் பழக்குகிறார்கள். வீடியோக்களில் வரும் 'ஆறு வாரம் முன்னால்' என்பதன் பொருள் இதுதான். இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில் ஒரு நல்ல காலம் இருக்கிறது. நிலம் திறக்கும் நாளிலேயே கையில் நாற்று இருந்தால் அந்தக் காலம் முழுவதும் நமக்குக் கிடைக்கும்.

அயனம்பாக்கத்தின் இரண்டு வேலிகள்

இப்போது ஏரிக்கரைக்கே திரும்பலாம். இங்கே அந்த நல்ல காலத்துக்கு ஒரு பக்கம் வேலி வடகிழக்குப் பருவமழை. பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை. மறுபக்க வேலி மே மாதக் கத்திரி வெயில். மார்கழி முதல் பங்குனி வரை உள்ள நான்கு மாதம்தான் சென்னைப் பக்கத்துக் காய்கறிக்குச் சொர்க்கம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கத் தொடங்கினால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். ஆகவே நடவு ஒரு வாரம் தள்ளிப்போனால், அறுவடையின் கடைசியில் ஒரு வாரம் வெயிலுக்குப் போய்விடுகிறது.

வீடியோவைப் பார்த்து ஜனவரி கடைசியில் விதை போட்டு, மார்ச்சில் நடுபவர்களின் தக்காளி பூக்கும்போது சித்திரை வந்துவிடுகிறது. மழை விடட்டும் என்று காத்திருந்து தையில் விதைப்பவர்களுக்கும் அதே கதிதான்.

பின்னோக்கி எண்ணிப் பார்ப்போம். மார்கழி முதல் வாரம், அதாவது டிசம்பர் 20 வாக்கில் நடவு என்று வைத்துக்கொள்ளலாம். மிளகாய் நாற்றுக்கு 40 முதல் 45 நாள் வயது வேண்டும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள். தக்காளிக்கு 25 நாள். அப்படியானால் ஐப்பசி மூன்றாவது வாரத்தில் மிளகாய் விதை, கார்த்திகை பிறக்கும்போது கத்தரி விதை, கார்த்திகை பத்தாம் தேதியை ஒட்டித் தக்காளி விதை. மூன்றுமே கொட்டும் மழைக்கு நடுவில் விழுகின்றன. உதகைக்காரர் உறைபனியோடு படும் பாட்டை நாம் மழையோடு பட வேண்டும்.

புயலும் இந்த நாட்களில்தான் வருகிறது. வர்தா புயல் சென்னையைத் தாக்கியது 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் புயல் மழை கொட்டியது 2023 டிசம்பர் முதல் வாரம். இரண்டும் நாற்று நடவுக்குத் தயாராகும் நேரம்.

பள்ளத்தில் தேங்குவது இங்கே தண்ணீர்

மலையில் குளிர்காற்று போய்த் தேங்கும் பள்ளத்தில், இங்கே மழைநீர் தேங்குகிறது. ஏரிக்கடி நிலம் பொதுவாகக் களிப்பானது. ஒருமுறை ஊறினால் லேசில் காயாது. அந்த ஈரத்தில் நாற்றழுகல் நோய் வரும். தரை மட்டத்தில் தண்டு சுருங்கி, காலையில் நின்ற நாற்று மாலையில் சாய்ந்து கிடக்கும். பாத்தியில் ஓரிடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும்.

எனவே இங்கும் முதல் விதி மேடு தேடுவதுதான். 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் உயரம் என்பது வழக்கமான மேட்டுப்பாத்தி அளவு. மழைக்காலத்தில் உயரத்தை ஒரு மடங்கு கூட்டிக்கொள்வது நல்லது. பாத்தியைச் சுற்றி வடிகால் வேண்டும். மக்கிய தொழுவுரமும் மணலும் கலந்தால் நீர் இறங்கும். ஒரு ஏக்கர் கத்தரிக்கு ரக விதை 160 கிராம், நாற்றங்காலுக்கு 1 சென்ட் இடம் போதும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற கணக்கில் விதை நேர்த்தி செய்து விதைத்தால் அழுகல் பெருமளவு குறையும். நெருக்கித் தூவாமல் விரல்கடை இடைவெளியில் வரிசையாக விதைக்க வேண்டும். காற்றோட்டம் இருந்தாலே பாதி நோய் அண்டாது.

அடுத்து மூடி. மூங்கில் பிளாச்சுகளை அரைவட்டமாக வளைத்துப் பாத்தியின் இரு ஓரத்திலும் ஊன்றி, மேலே பாலித்தீன் தாள். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். மழை வரும்போது மூடி, விட்டதும் பக்கவாட்டில் சுருட்டிவிட வேண்டும். மலையில் மாலையில் மூடிக் காலையில் திறப்பதுபோல, இங்கே வானம் கறுத்தால் மூடி, வெளுத்தால் திறக்க வேண்டும். மூடியே வைத்திருந்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நூல்போல நீண்டு, நட்டதும் ஒடிந்துவிடும்.

தூக்கி ஓடக்கூடிய நாற்றங்கால்

மாடியில் வளர்ப்பவர்களுக்கும், தாழ்ந்த நிலம் வைத்திருப்பவர்களுக்கும் குழித்தட்டு நல்ல துணை. புயல் அறிவிப்பு வந்தால் தட்டுகளைத் தூக்கி மாடிப்படிக்கடியிலோ திண்ணையிலோ வைத்துவிடலாம். தரைப் பாத்தியை அப்படித் தூக்க முடியாது.

98 குழிகள் கொண்ட ஒரு தட்டுக்கு, பதப்படுத்திய தென்னைநார்க் கழிவு சுமார் 1.2 கிலோ பிடிக்கும். குழிக்கு ஒரு விதை. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடிவைத்தால் உள்சூட்டில் ஒரே சீராக முளைக்கும். முளை தலைகாட்டிய அன்றே தட்டுகளைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளிறி நீண்டுவிடும்.

வரிசைக்கு 2 அடி, செடிக்கு 2 அடி என்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 10,900 நாற்று வேண்டும். முளைக்காதது, போக்குவரத்தில் போவது எல்லாம் சேர்த்து 125 தட்டுகள் போட்டால் சரியாக இருக்கும். அவ்வளவையும் பரப்பினால்கூட அரை சென்ட் இடம்தான். ஒரு ஏக்கரின் வருமானம் அந்த நான்கு வாரமும் அரை சென்ட் பந்தலுக்குள் நிற்கிறது. அதற்கு மேலே மழைத்தாளும், சுற்றிலும் 40 அல்லது 50 மெஷ் பூச்சி வலையும் போடுவது வீண் செலவாகாது. தக்காளி, மிளகாயில் இலைச்சுருட்டு நச்சுயிரியைக் கொண்டுவரும் வெள்ளை ஈயை நாற்றுப் பருவத்திலேயே தடுத்தால் பின்னால் செலவு குறையும்.

இன்னொரு காப்பும் உண்டு. விதையை இரண்டு தவணையாகப் போடுவது. முதல் தவணை போட்டு பத்து நாள் கழித்து இரண்டாம் தவணை. புயல் ஒன்றை அடித்துப் போனால் மற்றது கையில் இருக்கும்.

பனித்துளிக்குச் செய்ய வேண்டியது

நாற்று தயாராகும் மார்கழியில், ஏரிமேல் தெரியும் அந்தப் பனி மூட்டம் வந்து சேர்கிறது. அது இலையைக் கருக்காது. ஆனால் இரவு முழுவதும் இலை ஈரமாக இருப்பதால் பூஞ்சண நோய்கள் வர வழி உண்டு. அதற்கு மாலையில் பூவாளியால் தலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் போதும். காலையில், வேருக்கு மட்டும் ஊற்றலாம். காலை வெயில் படும் இடத்தில் நாற்று இருந்தால் பனித்துளி சீக்கிரம் காயும். துணி போர்த்துவது, புகை போடுவது எதுவும் தேவையில்லை.

நடவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஸ்கார்பரோவில் கன்றைக் குளிர்காற்றுக்குப் பழக்குவதுபோல, இங்கே வெயிலுக்குப் பழக்குவது. தண்டு லேசாக ஊதா நிறம் ஏறி, விரலால் வளைத்தால் நிமிர்ந்துகொள்ளும் நிலையில் நாற்று நடவுக்குத் தயார். மாலை நேரத்தில் நட்டால் இரவுக் குளிர்ச்சியில் வேர் பிடித்துக்கொள்ளும்.

நாற்று கிடைக்காதவர்களும் பயிற்சி வேண்டுபவர்களும் திருவள்ளூர் மாவட்டம் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, தங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகலாம். வெளியில் நாற்று வாங்குபவர்கள் மழைக்கு முன்பே பதிவு செய்து வைப்பது நல்லது. மழை விட்டதும் எல்லோருக்கும் ஒரே நாளில் நாற்று தேவைப்படும்.

மார்கழிக் காலையில் அயனம்பாக்கத்து மாடியில் பனி சொட்டும் நாற்று நடவுக்குத் தயாராக நின்றால், அதன் பின்னால் ஐப்பசியில் போட்ட விதையும், கார்த்திகை முழுக்க மூடித் திறந்த கையும் இருக்கிறது. அதே காலையில் காந்தள் பள்ளத்தில் ஒருவர் தாகையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.